எந்தப் பூங்காவனம்?

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி, சங்க ஆபீஸ்.
கீழே பாளம் உடைபடும்போதெல்லாம்
மானிட்டர் லேசாக நடுங்கும்.
மீன் விற்கும் பெண்களுக்கு அடையாள அட்டை.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்
கேமரா வைத்த பேர்களில் கிடந்தார்கள்:
டிஎஸ்சி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்று,
ரெண்டு, மூணு, அப்படியே.
அச்சுக்கடைக்காரர் கேட்டது சொந்தப் பேர்.
விடிவதற்குள்.

ஒவ்வொன்றாக மாற்ற எனக்கு ரெண்டு கைதான்.
கறுப்புத் திரையைத் திறந்தேன்.
நோட்டில் எண்ணும் பேருமாக எழுதியதைப்
பட்டியலாகத் தட்டி,
வரிவரியாகப் படி, படித்த பேரை
அந்தந்தப் படத்துக்கு வை என்று
நாலே வரியில் ஒரு சுற்று.
சின்னப் பொண்ணை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால்
இடைவெளி பார்த்து அரிவாள்மணையில் இழுத்துவிடும்:
சின்ன ஒரு துண்டு,
பொண்ணு ஒரு துண்டு.
அது தெரியும். போட்டேன்.

பேர் மாற்றும் கட்டளைக்கு ரெண்டே எழுத்து, எம்.வி.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
துறைமுகத்துக் கப்பல் பேர்களுக்கு முன்னாலும்
அதே ரெண்டெழுத்து.
இதுவும் கப்பல் மாதிரி, சத்தமில்லாமல் நகர்த்தும்.
திட்டுவதற்கு மட்டும் வாய் திறக்கும்.
திட்டவில்லை.
டீ குடிக்கப் போனேன்.

வந்து எண்ணினால்
முந்நூற்று எழுபத்தொன்று.

பூங்காவனம் என்று மூன்று பேர் இருந்திருக்கிறார்கள்.
முதல் பூங்காவனத்தின் மேல் இரண்டாவது,
இரண்டாவதன் மேல் மூன்றாவது.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
மூன்று ரோஸ்லின், நாலு செங்கேணி, எல்லாருமே
கடைசியாக வந்தவள் முகத்தோடு நிற்கிறார்கள்.
கேமரா கார்டை
அண்ணன் பையன் காதுகுத்துக்கு
மதியமே துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

கட்டளைக்குப் பக்கத்தில்
ஒரு சின்னக் கோடு, ஒரு என்.
இருப்பதை மிதிக்காதே என்று அர்த்தம்.
போட்டிருக்கலாம்.

மூணு மணிக்கு ஏலம் நடக்கும் இடத்தில்
இரவல் கேமராவோடு நின்றேன்.
பூங்காவனம் அக்கா இருக்காங்களா?
கூடையை இறக்காமலே ஒருத்தி கேட்டாள்:
"எந்தப் பூங்காவனம்?
சங்கரா பூங்காவனமா, பவர்குப்பத்துப் பூங்காவனமா,
சும்மா பூங்காவனமா?"
சும்மான்னா?
"சும்மான்னா சும்மாதான்.
அதுக்கு வேற பேர் வக்கல."

ரோஸ்லினும் அப்படித்தான்:
மாடிவீட்டு ரோஸ்லின், வவ்வா ரோஸ்லின்,
கோர்ட்டுக்குப் போன ரோஸ்லின்.
எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்,
செதில் ஒட்டிய பக்கங்களில்.

"நேத்துதான எடுத்த? அது இன்னாச்சு?"
என்றாள் சங்கரா.
அழிஞ்சுபோச்சுக்கா.
"யாரு அழிச்சது?"
உங்க பேருதான்.
சிரித்தபோது வெற்றிலை தெரிந்தது.
"ரேஷன் கார்டுலயும் இதே கூத்து.
எம் புருசன் இருக்க வேண்டிய எடத்துல
அவ புருசன் குந்தினு கீறான்.
வச்சிக்கடின்னு சொன்னேன், அவ வேணாம்ன்றா."

திரும்பி வந்து
சின்னக் கோடு, என்.
பட்டப்பேரோடு சேர்த்துத் தட்டினேன்.
திரை ஒன்றும் சொல்லவில்லை.
இந்த முறை டீக்குப் போகாமல் எண்ணினேன்.

நானூற்றுப் பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். அதேதான்.
எல்லாரும் பேரோடு இருக்க
ஒன்று மட்டும் கேமரா வைத்த பேரில்:
டிஎஸ்சி பூஜ்யம் பூஜ்யம் முப்பத்தொன்று.
நண்டுப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள்.
வவ்வா ரோஸ்லின் எழுந்ததும்
தானாக வந்து உட்கார்ந்தவள்,
தலைப்பை இழுத்துவிட்டு
நேராகப் பார்த்தாள், எடுத்தேன், போய்விட்டாள்.
நோட்டில் முப்பத்தொன்றுக்கு எதிரே
ஈரம் மட்டும் இருக்கிறது.

பட்டியலில் இல்லாதவள்.
அழிக்கிற கட்டளைக்கும் ரெண்டெழுத்துதான்.
கீழே முதல் பாளம் விழுகிறது,
அவள் முகம் கொஞ்சம் ஆடி நிற்கிறது.
அச்சுக்கடைக்கு நானூற்றுப் பன்னிரண்டை அனுப்பிவிட்டு
செல்போனில் இவளை ஏற்றிக்கொண்டேன்.
நாளைக்கு மூணு மணிக்குப் போய்க் காட்டி
கேட்கணும்.